பழைய கேம்பர் வேன் ஹெட்லைட்: மாற்றியவர்களும் மாட்டிக்கொண்டவர்களும்

நடமாடும்வீடு:

எங்கள் வேன் எண்பதுகளில் வந்தது. பின்னால் எஞ்சின், நடுவில் கட்டிலும் அடுப்பும், முன்னால் 7 அங்குல வட்ட ஹெட்லைட் இரண்டு. இரவில் லோ பீம் (அருகே சாலையில் தாழ்வாக விழும் வெளிச்சம்) போட்டால் சாலையில் அகல்விளக்கு வைத்த மாதிரி இருக்கும். எதிரே வண்டி வந்துவிட்டால் அதுவும் போச்சு. கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பல்பை மாத்து, நூறு வாட் போடு."

போடவில்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.9 வோல்ட். லோ பீம் எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் (பல்பின் கால்களில் செருகும் வயர் இணைப்பான்) பின்பக்கம் ஊசியை நுழைத்துப் பார்த்தால் 11.6 வோல்ட். மீதி 2.3 வோல்ட் வழியிலேயே செலவாகிவிட்டது.

கப்ளரைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். மின்னோட்டமே ஓடாத வயரில் எவ்வளவு துரு இருந்தாலும் மீட்டர் 12-க்கு மேல்தான் காட்டும். "வோல்ட் சரியா வருதே" என்று நம்மை ஏமாற்றுவது இந்த அளவுதான். விளக்கு எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

இந்த 2.3 வோல்ட் ஏன் பெரிய விஷயம்? ஹாலஜன் பல்பில் வோல்ட் குறைகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் குறைவதில்லை. வோல்ட்டின் ஏறத்தாழ 3.4-ம் அடுக்குக் கணக்கில் விழுகிறது. வோல்ட் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். எச்4 பல்புக்கு (லோ, ஹை இரண்டுக்கும் இழை உள்ள ஒரே பல்பு) லோ பீமில் 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), ஹை பீமில் 1,650 லூமன் என்ற கணக்கு 13.2 வோல்ட்டில் அளந்தது. 11.6 வோல்ட்டில் அந்த ஆயிரம் 650 பக்கம் வந்து நிற்கும்.

காரணம் எளிது. அந்தக் காலத்து வேன்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே (சுருளில் ஓடும் சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) கிடையாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், டாஷ்போர்டு ஸ்விட்ச், ஸ்டியரிங் பக்கத்து டிப் ஸ்விட்ச் (லோ, ஹை மாற்றுவது), அப்புறம் மெல்லிய வயர் என்று சுமார் 9 ஆம்பியரும் இந்த வழியாகவே சுற்றி வர வேண்டும். மொத்தப் பாதையில் கால் ஓம் தடை இருந்தாலே போதும், 2 வோல்ட்டுக்கு மேல் காலி. எங்கள் வேனில் பெரும்பங்கு ஸ்விட்ச்சின் உள்ளேயே போனது. அடுத்தது ஃபியூஸ் பிடி. பீங்கான் ஃபியூஸின் முனைகளில் பச்சை பூத்திருந்தது.

செய்தது இதுதான். பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். முன்பக்கம் இரண்டு ரிலே, லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. முன்பு பல்புக்குப் போன பழைய வயர் இப்போது ரிலேயின் 86-ம் காலுக்கு. 85 எர்த் (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் பாடி), 30-ல் பேட்டரி வயர், 87-லிருந்து விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்தேன், ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் மறுபக்கம் எரிய வேண்டுமே. ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

அதே பழைய பல்பில் இப்போது 13.4 வோல்ட். வேறு வண்டி ஓட்டுகிறோமோ என்று வீட்டில் கேட்டார்கள்.

இரண்டு பேட்டரி உள்ள கேம்பர்காரர்கள் கவனிக்க: இந்த வயரை ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து எடுங்கள், வீட்டுச் சாமான்களுக்கான பேட்டரியிலிருந்து அல்ல.

டீசல்தாத்தா:

தம்பி சொன்னது பாதிக் கதை. பிளஸ் பக்கம் ராஜபாட்டை போட்டாச்சு, மைனஸ் பக்கத்தை யாரு பாக்கறது?

என்கிட்ட வந்த ஒரு வேன். லோ பீம் போட்டா இடது பக்கம் ஜோரா எரியுது. வலது பக்கம் லோவும் ஹையும் ரெண்டுமே அரைத்தூக்கத்துல. அதோட டாஷ்போர்டுல ஹை பீம் நீல விளக்கு லேசா மினுங்குது! ஏற்கனவே பாத்த மெக்கானிக் டிப் ஸ்விட்ச்சை மாத்தியிருந்தாரு. ஓனர் பாவம், வயரிங் முழுக்கப் பிரிக்கணும்னு பயந்து போயிருந்தாரு.

ஒண்ணுமில்ல. வலது விளக்கோட எர்த் அத்துப்போச்சு. எச்4 பல்புல ரெண்டு இழைக்கும் எர்த் ஒண்ணுதான். அது இல்லேன்னா லோ இழைக்குள்ள வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம, அதே பல்போட ஹை இழை வழியா பின்னாடி ஏறி, ஹை பீம் வயரைப் பிடிச்சு, இடது விளக்கோட ஹை இழைக்குள்ள பூந்து அந்தப் பக்கத்து எர்த்துல இறங்குது. மூணு இழையும் வரிசையா நின்னு 12 வோல்ட்டைப் பங்கு போட்டா எது பிரகாசமா எரியும்? ஹை வயர்ல கொஞ்சம் வோல்ட் ஏறினதுனால நீல விளக்கும் எட்டிப் பாக்குது.

எர்த் ஸ்க்ரூவைக் கழட்டி, அடியில இருந்த பெயிண்டையும் துருவையும் தகரம் பளபளக்கிற வரைக்கும் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு முடுக்கி, மேல கிரீஸ் தடவினேன். அவ்வளவுதான்.

சோதிக்கிறது சுலபம். விளக்கு எரியறப்போ மீட்டரோட ஒரு ஊசி பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு விளக்கோட எர்த் காலில. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. இண்டிகேட்டர் அடிக்கிற தாளத்துக்கு ஹெட்லைட்டும் மங்கி மங்கி எரிஞ்சா மீட்டரே வேண்டாம், நேரா எர்த்துக்குப் போங்க.

அத்தையின்வேன்:

தாத்தா, உங்க மினுங்கல் பரவாயில்லை. என்னுடையது மொத்தமாக அணைந்துவிடும்.

எங்களுடையது அமெரிக்காவில் தயாரான பெரிய வேன். இரவில் அரைமணி நேரம் ஓட்டினதும் ஒரு வளைவில் ஹெட்லைட் இரண்டும் பட்டென்று அணைந்தது. பார்க்கிங் விளக்கு மட்டும் எரிகிறது. நான் பிரேக்கில் காலை வைத்து ஓரம் கட்டுவதற்குள் தானாகவே திரும்ப வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. பின்சீட்டில் இருந்த அத்தை வேப்பிலை கேட்டார்.

அந்தக் கால அமெரிக்க வேன்கள் பலவற்றில் ஹெட்லைட் ஸ்விட்ச்சுக்குள்ளேயே ஒரு சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். ஃபியூஸ் மாதிரி எரிந்து போகாது. சூடானால் பிரியும், ஆறினால் தானே சேரும். இருட்டில் ஒரேயடியாக விளக்குப் போய்விடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். பார்க்கிங் விளக்குக்கு வழி வேறு, அதனால் அது அணையாது. இந்த அடையாளத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

சூடானதற்குக் காரணம், எங்களுக்கு முன் வைத்திருந்தவர் மாட்டிய 100/90 வாட் பல்பு (ஹை 100, லோ 90). பின்னால் கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி பல்போடு ஒட்டியிருந்தது. ரிஃப்ளெக்டரின் பூச்சும் பல்புக்கு மேலே கருகியிருந்தது. நடமாடும்வீடு நூறு வாட் போடாததற்கு ஒரு கும்பிடு. சாதாரண 60/55 பல்பு, பீங்கான் கப்ளர், ரிலே. பிறகு அணையவே இல்லை.

இன்னொன்று. பழைய வேனில் சீல்டு பீம் இருந்தால், அதாவது கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் ஒரே உருப்படியாக மூடியிருந்தால், முதலில் அதைக் கழற்றி எச்4 பல்பு போடும் யூனிட்டாக மாற்றுங்கள். அமெரிக்காவில் 1940-லிருந்தே 7 அங்குலம்தான் பொது அளவு. ஐரோப்பாவில் 1971-ல் வந்த எச்4-க்கும் அதே அளவில் யூனிட் கிடைப்பதால் அப்படியே உட்காரும். ரிஃப்ளெக்டர் வெள்ளி மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்ட பழைய யூனிட்டில் எந்தப் பல்பைப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

ராத்திரிராஜா:

இவ்வளவு வேலை எதற்கு? எச்4 அளவில் எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது. பாதி வாட்கூட இழுப்பதில்லை, ஸ்விட்ச் சூடாவதில்லை, வயரில் வோல்ட் விழுந்தாலும் அது கண்டுகொள்வதில்லை. பகல் மாதிரி இருக்கிறது.

நடமாடும்வீடு:

உங்களுக்குப் பகல் சரி, எதிரே வருகிறவருக்கு?

சண்டைக்குச் சொல்லவில்லை ராஜா, நானும் ஆசைப்பட்டுப் பார்த்தவன்தான். எச்4-ன் லோ இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகரக் கிண்ணம் உண்டு. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுச் சாலைக்கு இறங்க வேண்டும் என்பதற்காக. இழையின் இடம் கொஞ்சம் விலகினாலும் அந்த ஒழுங்கு கெட்டுவிடும். எல்இடியில் சிப் இருப்பது ஒரு பட்டையின் இரண்டு பக்கமும். பட்டை தடிமனாக இருந்தால் வெளிச்சம் பிறக்கும் இடமே மாறிப்போகிறது. வேனுக்கு நேர் முன்னால் பளீரென்று இருக்கும், கண் அதில் மயங்கிவிடும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. பளீரென்று இருப்பதும் தூரம் தெரிவதும் ஒன்றல்ல.

ஒரு பக்கம் ஹாலஜன், மறுபக்கம் எல்இடி போட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். ஹாலஜன் பக்கம் மேல்கோடு வெட்டினாற்போல இருக்கும். எல்இடி பக்கமும் அப்படியே இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேல் வெளிச்சம் சிந்தினால் கழற்றிவிடுங்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் 2020-லிருந்து அங்கீகாரம் பெற்ற எல்இடி பல்புகளை, பட்டியலில் உள்ள வண்டிகளுக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். பல இடங்களில் ஹாலஜன் யூனிட்டில் எல்இடி போட்டால் சோதனையில் தேறாது. எல்இடிதான் வேண்டுமென்றால், அதற்காகவே வடிவமைத்த, அங்கீகார முத்திரை உள்ள முழு 7 அங்குல யூனிட்டாக வாங்குவது உத்தமம்.

பனிப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் இதையும் யோசியுங்கள்: ஹாலஜன் சூட்டில் கண்ணாடிமேல் படிந்த பனி உருகும். எல்இடியின் சூடு பின்பக்கம் போய்விடுகிறது, முன்கண்ணாடியில் பனி அப்படியே நிற்கும்.

கம்பிக்காரன்:

எல்இடி போட்டதும் எஃப்எம் இரைச்சல் தாங்கவில்லை என்றால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். மலிவான எல்இடி பல்போடு வரும் டிரைவர் சர்க்யூட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது) செய்கிற வேலை அது. விளக்கை அணைத்தால் இரைச்சலும் நிற்கும்.

அப்புறம் ஜப்பானிய வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய மாடல்களில் ஹெட்லைட்டை எர்த் பக்கத்தில் ஸ்விட்ச் செய்வார்கள். கப்ளரின் பொதுக் கால் (இரண்டு இழைக்கும் பொதுவானது) எர்த் அல்ல, பிளஸ். டிப் ஸ்விட்ச் லோவையோ ஹையையோ எர்த்தோடு இணைக்கும். இழை பல்புக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்ற கவலை கிடையாது. எல்இடிக்கு உண்டு. ஒரு நண்பருடைய வேனில் எல்இடி மாட்டியதும் ஹை பீம் எரியவில்லை, நீல விளக்கும் செத்துப்போனது. பல்பு பழுது என்று இரண்டு ஜோடி திருப்பி அனுப்பியிருந்தார். பல்பில் கோளாறே இல்லை.

கண்டுபிடிக்க: கப்ளரைக் கழற்றி, ஹெட்லைட்டைப் போட்டு, ஒவ்வொரு காலுக்கும் பாடிக்கும் நடுவே அளந்து பாருங்கள். டிப் ஸ்விட்ச்சை எப்படி மாற்றினாலும் பொதுக் காலில் மட்டுமே 12 வோல்ட் நின்றால் இந்த ரகம்தான். (வோல்ட் எங்கே வருகிறது என்று மட்டும் பார்க்கிறோம், அதனால் இங்கே கழற்றி அளப்பதில் தப்பில்லை.)

ரிலே போடும்போதும் இதே சிக்கல். நான் 85-ஐப் பாடியில் எர்த் செய்வதே இல்லை. ரிலேயின் சுருளை, பழைய கப்ளரின் பொதுக் காலுக்கும் லோ காலுக்கும் நடுவில் இணைத்துவிடுவேன். வண்டி எந்த ரகமானாலும் வேலை செய்யும். உள்ளே டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவது) வைத்த ரிலேயாக மட்டும் இருக்கக் கூடாது, அதற்கு எந்தப் பக்கம் பிளஸ் என்பது முக்கியம்.

மெல்லப்போ:

வெளிச்சம் கூடினதும் எல்லாரும் விட்டுவிடுவது ஏய்ம், அதாவது வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிசெய்வது. கேம்பரில் தண்ணீர், கேஸ், மளிகை, சைக்கிள் எல்லாம் பின்னால்தான். பின்பக்கம் உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். காலி வண்டியில் வைத்த ஏய்ம் பயணத்தில் பொய்யாகிவிடும்.

கிளம்பும்போது இருக்கும் பாரத்தோடேயே, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, சுவரில் அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே லோ பீமின் மேல்கோடு விழ வேண்டும். அதுதான் 1 சதவீதச் சரிவு. பல வண்டிகளுக்கு இது பொருந்தும். விளக்கின் மேலேயோ கையேட்டிலோ வேறு சதவீதம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

அந்தக் கோடு ஒரு பக்கம் மேலே ஏறும், ஓரத்தைக் காட்டுவதற்காக. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடப்பக்கம் ஏற வேண்டும். இறக்குமதி வேனோ, ஆன்லைனில் வாங்கிய யூனிட்டோ என்றால் முதலில் இதைப் பாருங்கள். மாறியிருந்தால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, யூனிட்டையே மாற்ற வேண்டும்.

ஒரு சந்தேகம். ரிலே போட்டபின் ஹை பீம் அடித்தால் லோ அணைந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு வயர் இழுத்துவிடலாமா?

டீசல்தாத்தா:

இழுக்காதீங்க. எச்4-ல ஒரு நேரத்துல ஒரு இழைதான் கணக்கு. ரெண்டும் சேர்ந்தா 115 வாட் சூடு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள. பல்பு ஆயுசும் போகும், கப்ளர் அத்தை வீட்டு வேன் கதைதான் ஆகும். ஃபிளாஷ் அடிக்கிற ஒரு நொடிக்கு சில வண்டியில ரெண்டும் எரியும், அது பரவாயில்ல. இன்னும் வெளிச்சம் வேணும்னா தனியா ரெண்டு டிரைவிங் லாம்ப் மாட்டுங்க. அதுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், ரிலேயை இயக்குற ட்ரிகரை மட்டும் ஹை பீம் வயர்லேருந்து எடுங்க. டிப் அடிச்சதும் அதுவும் சேர்ந்து அணையணும்.