புதுப்பிப்பு: செவ்வாய்ப்பேட்டை அலுவலகப் பிரிண்டர் திறந்துவிட்டது

பிரதர் லேசர் பிரிண்டரின் அட்மின் பாஸ்வேர்டு மறந்து, பிரவுசர் வழியே எந்த அமைப்பையும் மாற்ற முடியவில்லை என்று கேட்டிருந்தேன். எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட் தேவைப்படவில்லை, நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மாற்றும் நெட்வொர்க் ரீசெட்டே போதும். பாஸ்வேர்டும் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் பிரிண்டரைக் காட்டும் எண்) பழைய நிலைக்குப் போகும். பிரிண்டரில் சேமித்த தொடர்பு முகவரிப் பட்டியல் அப்படியே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் அதுவும் அழியும், அவசரப்படாதீர்கள்.

ரீசெட்டுக்குப் பின் உள்ளே போக, பிரிண்டரின் பின்பக்க லேபிளில் 'பி டபிள்யூ டி' என்ற எழுத்துகளை அடுத்து வருவதை உள்ளிடவும். பழைய மாடல்களில் 'இனிட்பாஸ்' (initpass), எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. உள்ளே போனதும் இந்தப் பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் எல்லா கணினியிலும் 'ஆஃப்லைன்' காட்டும். ஐபி மாறியதுதான் காரணம். கணினியில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்டைப் புதிய ஐபிக்குத் திருத்தினால் சரியாகும்.

பிரிண்டரின் பேனலில் செட்டிங் லாக் (அமைப்புகளை மாற்ற விடாத பூட்டு) போட்டிருந்தால் கதை வேறு. அதற்குத் தனி நான்கு இலக்க எண். மறந்தால் சர்வீஸ் சென்டர்தான்.