ஏப்ரல் 21 வெள்ளி, 22 சனி

கொழும்பு, கொட்டாஞ்சேனை: எங்கட லேன் வாட்ஸ்அப் குழு
2023 ஏப்ரல் 10, திங்கள்

[பி.ப. 7.12] நிரோஷன்
(பல தடவை பகிரப்பட்டது)
2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வைத்த நாளிலேயே முஸ்லிம்களின் நோன்புப் பெருநாள்!! ஏப்ரல் 21ஐக் கொண்டாட்ட நாளாக மாற்றிவிட்டார்கள். பட்டாசு வாங்கக் குவிந்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். அவர்களுடைய கடையில் ஒரு சாமானும் வாங்காதீர்கள். 10 குழுவுக்கு அனுப்புங்கள்.
[படம்]

[பி.ப. 7.13] நிரோஷன்
இது உண்மையா? ஆபீஸ் குழுவில வந்தது.

[பி.ப. 7.19] செல்வம்
தம்பி, உண்மையான்னு கேக்கிறது நல்லது. ஆனா கேள்விய மட்டும் போட்டிருக்கலாம். படத்தோட போட்டா, கேள்வியை யாரும் வாசிக்கமாட்டாங்க, படம்தான் மனசுல நிக்கும்.

[பி.ப. 7.22] செல்வம்
படத்தைப் பெருசாக்கி இடது பக்க மூலையைப் பாருங்க. கறுப்பு மஞ்சள் ஓட்டோ ஒன்னு நிக்குது. நம்பர் பிளேட் 'எம்ஹெச்'னு தொடங்குது. நம்ம மாகாண எழுத்துல அப்பிடி ஒன்னு கிடையாது. அது மகாராஷ்டிரா வண்டி. இந்தப் படம் கொழும்புல எடுத்ததே இல்ல.

[பி.ப. 7.24] செல்வம்
செய்திக்கு மேல ரெட்டை அம்புக்குறி இருக்கு பாருங்க. குறைஞ்சது அஞ்சு கை மாறி வந்த செய்திக்குத்தான் அது விழும். யார் எழுதினதுன்னு உங்க ஆபீஸ்லயும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

[பி.ப. 7.31] நஸீர்
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நோன்பு திறந்திட்டு இப்பதான் பார்த்தேன். படம் பொய். ஆனா திகதி கிட்டத்தட்ட சரி, அதனால அத விளக்கமாச் சொல்லணும்.

இலங்கையில நோன்பு மார்ச் 24 தொடங்கிச்சு. அப்போ ஏப்ரல் 21 வெள்ளி 29ஆவது நோன்பு. அண்டைக்கு மஃரிபுக்கு (சூரியன் மறையிற நேரத் தொழுகை) பொறகு பிறை தெரிஞ்சா 22 சனி பெருநாள். தெரியாட்டி 30 நோன்பையும் நிறைவாக்கி 23 ஞாயிறு பெருநாள். பெரிய பள்ளிவாசல்ல பிறைக்குழு கூடி, வந்த சாட்சியங்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாங்க. ஒரு தனி ஆளோ பள்ளியோ "இந்த வருசம் இந்த நாள்ல வைப்பம்" எண்டு தெரிவு செய்யிற விஷயமே இல்ல இது.

[பி.ப. 7.36] நஸீர்
அமாவாசை 20ஆம் திகதி காலை 9.42 அளவுல. 21 மாலை சூரியன் மறையிற நேரம் பிறைக்கு வயசு 32 மணித்தியாலத்துக்கு மேல. மேகம் மறைக்காட்டி வெறுங்கண்ணுக்கே தெரியும். அதனால 22தான் பெருநாளா வர வாய்ப்பு அதிகம்.

[பி.ப. 7.37] நிரோஷன்
ஏன் சரியா அந்தக் கிழமையிலயே வருது? அதுதான் எல்லாரும் கேக்கினம்.

[பி.ப. 7.44] நஸீர்
எங்கட நிலாக் கணக்கு ஹிஜ்ரி வருசம் 354 நாள், சில வருசம் 355. ஆங்கில வருசத்த விட 11 நாள் அளவு குறைவு. 2019ல நோன்புப் பெருநாள் ஜூன் 5. இந்த வருசம் ஏப்ரல் 22. நாலு வருசத்துல 44 நாள் முன்னுக்கு வந்திருக்கு. 2021லயும் 2022லயும் ஏப்ரல் 21 நோன்புக்குள்ளதான் வந்திச்சு, பகல் முழுக்கப் பட்டினியோடதான் அந்த நாள் போச்சு. அடுத்த வருசம் பெருநாள் ஏப்ரல் 10, 11க்குப் போயிரும். திரும்ப இதே இடத்துக்கு வர 32, 33 வருசமாகும்.

[பி.ப. 7.52] மரியதாஸ் அங்கிள்
நிரோஷன் மகன், நம்ம உயிர்ப்பு ஞாயிறும் (ஈஸ்டர்) நிலாக் கணக்குத்தான். மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. 2019இல் பௌர்ணமி ஏப்ரல் 19, பெரிய வெள்ளியன்று. உயிர்ப்பு 21. இந்த வருசம் பௌர்ணமி 6, உயிர்ப்பு நேற்று, 9ஆம் திகதி. அதனால்தான் இறந்தவர்களை உயிர்ப்பு ஞாயிறிலும் நினைக்கிறோம், ஏப்ரல் 21லும் நினைக்கிறோம். நம்முடைய திகதி நகர்வதை யாரும் சதி என்று சொல்வதில்லை.

[பி.ப. 7.55] மரியதாஸ் அங்கிள்
இந்த மாதத்தையே பாருங்கள். 7 வெள்ளி பெரிய வெள்ளி. 14 வெள்ளி சித்திரைப் புத்தாண்டு. 21 வெள்ளி நினைவுநாள். மூன்றும் ஜும்ஆ (முஸ்லிம்களின் வெள்ளித் தொழுகை) நாள், மூன்றும் நோன்புக்குள்.

[பி.ப. 8.03] குளோரியா
நிலாக் கணக்கு விளங்குது. ஆனா ஒன்னு சொல்லியே ஆகணும், யாரும் கோவிக்காதீங்க. குண்டு வெடிச்ச அந்தோனியார் கோயிலைச் சுத்தி இன்னும் காயத்தோட இருக்கிறவங்க இருக்காங்க. காதுல இரைச்சல் நிக்காதவங்க, உடம்புல இரும்புத் துண்டோட வாழுறவங்க. 21 இரவு ஏழரைக்குப் பிறை அறிவிச்ச உடனே பட்டாசு வெடிச்சா, அவங்க நாள் காட்டியைப் பார்க்கமாட்டாங்க. உடம்பு தானா நடுங்கும். அதை மத வெறுப்புன்னு சொல்லாதீங்க.

[பி.ப. 8.05] பரீனா
அக்கா, அது வெறுப்பில்ல. நூத்துக்கு நூறு சரி.

[பி.ப. 8.09] குளோரியா
இன்னொன்னு. விடியக்காலை ஸ்பீக்கர்ல "அல்லாஹு அக்பர்" திரும்பத் திரும்ப வரும். டிவியில குண்டு வெடிப்புச் செய்தியோட மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டவங்களுக்கு அது எப்பிடி இருக்கும்?

[பி.ப. 8.18] பரீனா
அது தக்பீர். "இறைவன் மிகப் பெரியவன், அவனைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, புகழ் எல்லாம் அவனுக்கே" என்டுதான் பொருள். நோன்பு முடிஞ்ச நன்றிக்காகப் பிறை கண்ட இரவுலயிருந்து பெருநாள் தொழுகை வரைக்கும் சொல்றது. தொழுகைக்குள்ளயும் வரும்: முதல் ரக்அத்துல (தொழுகைச் சுற்று) ஏழு, ரெண்டாவதுல அஞ்சு. பிள்ளைகள் புது உடுப்போட வரிசையா இருந்து ராகமாச் சொல்லுவாங்க. அந்தக் கொலைகாரங்க இந்தச் சொல்லையும் எங்ககிட்ட இருந்து பறிச்சிட்டாங்க, அக்கா. அது எங்களுக்கு ஆறாத வலி.

[பி.ப. 8.20] பரீனா
ஆனா தக்பீருக்கு வெளி ஸ்பீக்கர் கட்டாயம் இல்ல. பள்ளிக்குள்ள பெட்டி ஸ்பீக்கர் போதும்.

[பி.ப. 8.26] நஸீர்
பள்ளி நிர்வாகம் ஏற்கெனவே பேசினது இதுதான். வெளிக்குழாய் ஸ்பீக்கர்ல வழமையான பாங்கு மட்டும். பெருநாள் தக்பீர், குத்பா (சொற்பொழிவு) ரெண்டும் உள்ள மட்டும். பட்டாசுக்கு 21 இரவு முழுத் தடை, இந்த லேன்ல 22லயும் வேணாம். பெருநாளுக்கும் பட்டாசுக்கும் மார்க்கத்துல ஒரு சம்பந்தமும் இல்ல. 14ஆம் திகதி ஜும்ஆவுல மௌலவி சொல்லுவார். ஆனா அறிவிப்பு மட்டும் போதாது. புத்தாண்டுக்கு வாங்கின மிச்சப் பட்டாசு எல்லா வீட்டுலயும் கிடக்கும், அதத்தான் பிள்ளைகள் எடுக்கும். அதனால 20ஆம் திகதி வீடு வீடாச் சொல்லணும்.

[பி.ப. 8.28] செல்வம்
எங்க பக்கத்து ஒன்பது வீடும் என் பொறுப்பு. புத்தாண்டு மிச்சம் எங்க வீடுகள்லதான் கூட இருக்கும்.

[பி.ப. 8.33] நஸீர்
ஒரு விஷயத்த மறைக்கக்கூடாது. சவூதி அறிவிப்பப் பார்த்து "சர்வதேசப் பிறை"ப்படி நோன்பு பிடிக்கிற கொஞ்சப் பேர் இருக்காங்க. அவங்க மார்ச் 23ல தொடங்கினவங்க, அவங்களுக்கு 21 வெள்ளியே பெருநாளா வரலாம். யாராவது போட்டோ எடுத்து "பாருங்க, 21ல கொண்டாடுறாங்க" எண்டு போட்டா, அது பொய்யில்லாமலே பொய்யாப் போயிரும். அதனால இப்பவே சொல்லிவைக்கிறேன். நம்ம பகுதியில அப்படித் தொழுறவங்ககிட்ட நிர்வாகம் கேக்கப்போகுது: ஏழு மணிக்குள்ள தொழுது முடிங்க, திறந்த இடம் வேணாம், காலை 8.45 நினைவு மௌனத்துக்கு நீங்களும் அமைதியா இருங்க.

[பி.ப. 8.35] மரியதாஸ் அங்கிள்
முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி நஸீர். 8.45க்கு மணி அடிக்கும், இரண்டு நிமிடம் மௌனம். காலையில் கோயில் பக்கம் வீதி மூடுவார்கள், ஜும்ஆவுக்கு வருகிறவர்கள் வண்டியைத் தூர விட்டுவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள்.

[பி.ப. 8.41] நிரோஷன்
சரி. ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு நடந்தும் முஸ்லிம் ஆக்கள் முதலே ஏன் காட்டிக்குடுக்கேல்ல எண்டுதான் சனம் கேக்குது.

[பி.ப. 8.52] பரீனா
காட்டிக்கொடுத்தாங்க தம்பி. 2017 மார்ச் 10 காத்தான்குடி அலியார் சந்தியில, குண்டு வச்சவங்களுக்குத் தலைவனா இருந்த சஹ்ரானோட ஆக்கள் வாளோட வந்து சூஃபி முஸ்லிம்களைத்தான் முதல்ல தாக்கினாங்க. அதுக்குப் பொறகுதான் அவன் தலைமறைவு. அவனைப் பத்தி முறைப்பாடு கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். 2019 ஏப்ரல் 4லயே இந்தியாவுல இருந்து தகவல் வந்திச்சு. யார் கடமை தவறினாங்க என்டு உயர் நீதிமன்றம் இந்த ஜனவரி 12ல சொல்லியாச்சு: அப்ப ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி, பொலிஸ் மாஅதிபரா இருந்தவரும் அரச புலனாய்வுத் தலைவரா இருந்தவரும் ஏழரைக் கோடி வீதம், பாதுகாப்புச் செயலாளரா இருந்தவர் 5 கோடி நட்டஈடு கட்டணும். அந்தத் தீர்ப்புல பக்கத்து வீட்டுக்காரங்களோட பேர் இல்ல. ஜம்இய்யத்துல் உலமா (மார்க்க அறிஞர் சபை), குண்டு வச்சவங்களோட மையத்துகளை (உடல்களை) எங்கட மையவாடியில அடக்கமாட்டோம் என்டு சொன்னாங்க. ஒரு முஸ்லிமுக்கு அதை விடப் பெரிய ஒதுக்கல் கிடையாது.

[பி.ப. 8.54] நிரோஷன்
அலியார் சந்தி விஷயம் தெரியாது.

[பி.ப. 9.01] செல்வம்
இந்த மாதிரி செய்தி என்ன செய்யும்னு 2019 மேயில பார்த்தாச்சு. சிலாபத்துல ஒரு கடைக்காரர் பேஸ்புக்ல இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதினார். "ரொம்பச் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்"ங்கிற மாதிரி. வாக்குவாதத்துல எழுதின வரி. அதை அடுத்த குண்டுக்கான மிரட்டல்னு வாசிச்சாங்க. மே 12 சிலாபத்துல கல்லெறி. மறுநாள் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டமெல்லாம் பரவிருச்சு. மினுவாங்கொடையில கடைத்தெரு எரிஞ்சுது. கொட்டாரமுல்லையில ஒருத்தரை வெட்டிக் கொன்னாங்க. அதுவும் நோன்பு தொடங்கி ஒரு வாரத்துல.

[பி.ப. 9.04] செல்வம்
அதே மாசம் ஹசலக்கவுல ஒரு அம்மாவைப் பிடிச்சாங்க. சட்டையில இருந்தது கப்பல் சுக்கான் படம். பௌத்தங்களோட தர்மச்சக்கரம்னு சொல்லி விளக்கமறியல்ல வச்சாங்க. எந்தச் சட்டத்துல தெரியுமா? 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டம். மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழி செய்றவங்களுக்காக எழுதின சட்டம் அது. "கடையில வாங்காதீங்க, 10 பேருக்கு அனுப்புங்க"ன்னு பரப்புறதை நிறுத்தத்தான் அது வேணும், சட்டைப் பூவைப் பார்க்கிறதுக்கு இல்ல.

[பி.ப. 9.08] நிரோஷன்
நான் அழிச்சிடுறன்.

[பி.ப. 9.10] செல்வம்
"எல்லாருக்குமாக நீக்கு"ங்கிறதை அழுத்துங்க. வெறும் நீக்குன்னா உங்க போன்ல மட்டும்தான் போகும். ஆபீஸ் குழுவுலயும் ஒரு வரி எழுதுங்க: படம் இந்தியாவுல எடுத்தது, 21 இங்க 29ஆவது நோன்பு, பெருநாள் பெரும்பாலும் 22. பொய் போன குழுவுக்கே திருத்தமும் போகணும். அந்தப் படத்தைத் திரும்ப ஒட்டாதீங்க, திருத்தத்தோட ஒட்டினாலும் படம்தான் சுத்தும்.

[பி.ப. 9.21] நிரோஷன்
எழுதிட்டன்.

2023 ஏப்ரல் 11, செவ்வாய்

[மு.ப. 8.40] குளோரியா
நஸீர் நானா, 21 பின்னேரம் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி உண்டா? கோயிலுக்கு வந்துட்டுப் போறவங்களுக்கும் கொடுக்கலாமான்னு அங்கிள் கேக்கச் சொன்னார். ஆனா சில பேர் வாங்கமாட்டாங்க. கொத்து ரொட்டியில மலட்டு மாத்திரை போட்டாங்கன்னு வந்த கதை இன்னும் மனசுல இருக்கு.

[மு.ப. 8.58] நஸீர்
2018 பெப்ரவரி 26 அம்பாறைக் கதை. கொத்துல இருந்த கட்டியை மலட்டு மாத்திரை எண்டு சொல்லிக் கடையையும் பள்ளியையும் உடைச்சாங்க. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பார்த்தப்போ அது கோதுமை மாக் கட்டி. ஒரு கவளத்துல ஆளை மலடாக்கிற மாத்திரை எண்டு உலகத்துல ஒண்டும் கிடையாது.

கஞ்சி உண்டு. அசருக்கு (பின்னேரத் தொழுகை) பொறகு நாலரைக்குக் கொடுப்பம். இந்த முறை அடுப்பை முன் முற்றத்துல வைக்கிறோம். யாரும் வந்து நிண்டு பார்க்கலாம், கிளறலாம்.

[மு.ப. 9.15] பரீனா
100 பேருக்கு அளவு இது. ஒரு ஆளுக்கு ஒரு பெரிய கோப்பை:
பச்சையரிசி 4 கிலோ, தண்ணி 30 லீட்டர், தேங்காய் 10, வெந்தயம் 100 கிராம், உள்ளி இஞ்சி கால் கிலோ வீதம், வெங்காயம் 1 கிலோ, ரம்பை, கறிவேப்பிலை, கறுவாப்பட்டை. இறைச்சி போட்டா 2 கிலோ, சின்னதா அரிஞ்சு.

அரிசியும் வெந்தயமும் நல்லாக் குழையுற வரைக்கும் தேங்காய்ப்பால் விடக்கூடாது. ரெண்டாம் பால் முதல்ல, முதற்பால் கடைசியில. முதற்பால் விட்ட பொறகு கொதிக்க விட்டா திரைஞ்சு எண்ணெய் மேல வரும். உப்பும் கடைசியிலதான், கஞ்சி வத்தும்போது கரிச்சிடும். கடைசி அரை மணித்தியாலம் அகப்பையைக் கீழ வைக்கவே கூடாது. அடிப்பிடிச்சா 100 பேருக்கும் தீஞ்ச மணம்தான்.

[மு.ப. 9.22] செல்வம்
எங்க பக்கம் மாட்டிறைச்சி எடுக்காதவங்க கூட.

[மு.ப. 9.24] குளோரியா
வெள்ளிக்கிழமை இறைச்சி விடுறவங்க எங்ககிட்டயும் இருக்காங்க. அன்னைக்கு நினைவுநாள்னு கூட விடுவாங்க.

[மு.ப. 9.30] பரீனா
அப்ப சைவக் கிடாரம் பெரிசு, இறைச்சிக் கிடாரம் சின்னது. சைவம் 150 பேருக்கு, மற்றது 50க்கு. மேல சொன்ன அளவை அதுக்கேத்த மாதிரிக் கூட்டிக் குறைக்கலாம்: சைவத்துக்கு அரிசி 6 கிலோ, தேங்காய் 15. இறைச்சிக்கு அரிசி 2 கிலோ, தேங்காய் 5, இறைச்சி 1 கிலோ.

[மு.ப. 9.33] மரியதாஸ் அங்கிள்
தேங்காய் 20ம் கோயில் பக்கத்திலிருந்து நாங்கள் தருகிறோம். 20ஆம் திகதி மாலை கொண்டுவருகிறேன்.

[மு.ப. 9.34] நஸீர்
ஜஸாகல்லாஹ் அங்கிள்.

[மு.ப. 9.41] செல்வம்
ரெண்டு கிடாரத்துக்கும் ரெண்டு அகப்பை வேணும். ஒரே அகப்பையை மாத்தி மாத்திப் போட்டா சைவம்னு சொல்லிக் கொடுக்க முடியாது. எங்க கோயில் அன்னதான அகப்பை ஒன்னு இருக்கு, நீளக் காம்பு. கேட்டு வாங்கித் தர்றேன்.

[மு.ப. 9.43] நிரோஷன்
அண்ணா, நான் வந்து எடுத்துக்கொண்டு போறன். நாலரைக்குக் கிளறவும் நிக்கிறன்.

[மு.ப. 9.45] பரீனா
நாலரைக்குக் கொடுக்கிறது தம்பி. கிளற ரெண்டு மணிக்கு வரணும்.