வெளிநாட்டில் இருந்து வேலைக்குப் போடும் தோல் சப்பாத்து எடுப்பித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளியிலிருந்து:

முதலில் என் கதை. சீனக்குடாப் பக்கம் ஒரு பட்டறையில் பதினொரு வருடமாக வெல்டிங் செய்கிறேன். ரெக்சீன் சப்பாத்தில் நெருப்புப் பொறி விழுந்தால் உருகி, ஓட்டையாகி, மேஸோடு ஒட்டிக்கொள்ளும். வலது காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் காசு சேர்த்து, தேய்ந்தால் அடியை மட்டும் கழற்றி மாற்றித் தைக்கக்கூடிய நல்ல தோல் பூட்ஸ் ஒன்று எடுப்பது என்று முடிவெடுத்தேன்.

இங்கே கடைகளில் எனக்கு எப்போதும் ஒன்பதாம் நம்பர்தான். அது இங்கிலாந்து நம்பர், அமெரிக்க நம்பரில் ஒன்று கூடும் என்று பார்த்து, கனடாவில் இருக்கிற மச்சானிடம் பத்து என்று சொல்லிவிட்டேன். அவன் லீவில் வரும்போது கொண்டுவந்தான். போட்டு நாலு அடி நடந்ததுமே குதி மேலே கிளம்புகிறது, அதே நேரம் சின்னவிரல் பக்கவாட்டில் நசுங்குகிறது. பெரிதா சிறிதா என்றே விளங்கவில்லை. இன்னொன்று, என் கால் மடிகிற இடத்தில் சப்பாத்து மடியவில்லை, கொஞ்சம் முன்னால் மடிந்தது. குந்தி இருந்து வேலை செய்யும்போது அந்தத் தோல் மடிப்பு சரியாக விரல் மூட்டுகளின் மேல் வந்து அழுத்தும். இரண்டு சோடி மேஸ் போட்டு மூன்று கிழமை இழுத்தேன், பின்னேரத்தில் குதியில் கொப்புளம் இல்லாத நாள் இல்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் தபால் செலவே சப்பாத்தின் விலைக்குக் கிட்ட வரும்.

அப்புறம்தான் காலை அளந்தேன். வேலை முடிந்து வந்த நேரம், வேலைக்குப் போடுகிற தடித்த மேஸோடு, குதியைச் சுவரில் முட்டவிட்டு, மட்டை மேல் முழுப் பாரத்தையும் கொடுத்து நின்றேன். மகள் பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைந்தாள். சாய்த்துப் பிடித்தால் அளவு பிசகும். வலது கால் நீளம் 262 மில்லிமீற்றர், இடது 259. அகலம் 107. அமெரிக்க ஆண்கள் நம்பர் கணக்கு என்னவென்றால், நீளத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கி 22ஐக் கழிக்க வேண்டும். எனக்கு வந்தது ஒன்பது! பத்து இல்லை. ஒரு நம்பர் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, எட்டரை மில்லிமீற்றர். குதி கிளம்பாமல் என்ன செய்யும்?

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் இருந்து வெறும் காலோடும் செருப்போடும் திரிந்த கால், முன்பக்கம் விரிந்திருக்கிறது. நான் போகிற கடைகளில் ஒரே அகலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பக்கம் நெருக்குகிறது என்றால் அடுத்த நம்பரை எடுத்துத் தருவார்கள். இத்தனை வருடமும் நான் அகலத்துக்காக நீளத்தை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அமெரிக்க ஆண்கள் சப்பாத்தில் சாதாரண அகலம் டி. எனக்குத் தேவைப்பட்டது அதைவிட அகலமான டபுள் ஈ. அங்கே கடைகளில் பிரானொக் என்று ஓர் உலோகத் தட்டு வைத்து அளப்பார்கள், அது குதியில் இருந்து விரல் நுனி வரைக்கும், குதியில் இருந்து பெருவிரல் அடியில் புடைத்த எலும்பு வரைக்கும், அகலம் என்று மூன்றையும் காட்டும். அந்த எலும்பு சப்பாத்தின் அகலமான இடத்தில் வந்து உட்கார வேண்டும், மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது சோடி ஒன்பது டபுள் ஈ எடுத்தேன். முதல் இரண்டு கிழமை குதி இலேசாக அசைந்தது. அடி வளையப் பழகியதும் நின்றுவிட்டது.

மூதூரிலிருந்து:

தம்பி, நான் வீதி வேலைத்தளத்தில் இருக்கிறேன், கச்சான் காற்றில் நாள் முழுக்கத் தாரும் கல்லும்தான். பெண்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் நம்பர் ஏழரை என்றால் ஆண்கள் நம்பரில் ஏறக்குறைய ஆறு. இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புச் சப்பாத்து நிறையவும் ஆண்கள் நம்பரில்தான் வருகிறது. அதைக் கவனிக்காமல் ஏழரை எடுத்து, அரை அங்குலம் பெரிதாக வந்தது. இறக்கத்தில் நடக்கும்போது கால் முன்னால் வழுக்கிப் போய் விரல் இரும்பில் இடிக்கும், பெருவிரல் நகம் கறுத்துப்போய் விழுந்தே விட்டது. இப்போது நம்பரே சொல்வதில்லை. 235 மில்லிமீற்றர் கால், இதற்கு உங்களிடம் எது சரி என்று கேட்டு எழுதுவேன். பதில் சொல்லாத கடையில் வாங்குவதில்லை.

திருகோணமலை நகரிலிருந்து:

மார்க்கெட் பக்கம் சப்பாத்துத் தைக்கிற ஐயா ஒருவரிடம் என் நெருக்கமான சோடியைக் கொண்டுபோனேன். மரக் கட்டை வைத்து இரண்டு நாளில் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்துத் தந்தார். ஆனால் அப்போதே சொல்லிவிட்டார், தோல் அகலத்தில் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது, இரும்பு மூக்கு என்றால் அந்த இடம் அசையவே அசையாது என்று. பழகப் பழக நீளும் என்று விற்கிறவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். மாரியில் நனைந்தால் நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

உப்புவெளியிலிருந்து:

அக்கா சொன்ன மில்லிமீற்றர் வழி மிகச் சரி, அதோடு அகலத்தையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பாதி அளவுதான் சொன்னதாகும். இரண்டு காலையும் அளந்து பெரியதற்கே எடுங்கள். அந்தப் பத்தாம் நம்பர் சோடியை நீண்ட ஒடுங்கிய கால் உள்ள ஒரு பொடியனுக்குக் கொடுத்தேன், அவனுக்கு அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. நான் வரைந்த மட்டையில் திகதி போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வயது போகப் போகக் கால் விரியும் என்பதால் அடுத்த சோடிக்கு முன் அதன் பக்கத்திலேயே மறுபடி வரைந்து பார்ப்பேன்.