லெஃப்ட் ஜாயின் செய்ததும் முழு எண் நெடுவரிசை ஃப்ளோட் ஆகிவிடுகிறது

கேள்வி:
போஸ்ட்கிரெஸில் ஆர்டர் டேபிளையும் கூரியர் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் செய்து (ஜோடி இல்லாவிட்டாலும் இடப்பக்க டேபிளின் எல்லா வரிசையும் வரும்) பைத்தான் லைப்ரரியான பாண்டாஸின் ரீட்_எஸ்க்யூஎல் வழியாக எடுக்கிறேன். கூரியர் எண் பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை), நாட் நல் (வெற்று மதிப்பு கூடாது) என்றும் போட்டிருக்கிறது. ஆனால் டேட்டாஃப்ரேமில் (பாண்டாஸின் அட்டவணை) ஃப்ளோட்64 (தசமப் புள்ளி எண்) ஆகத்தான் வருகிறது, 4711 என்பது 4711.0 ஆகி, ஸ்ட்ரிங்காக மாற்றி இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. டெஸ்ட் டேட்டாபேஸில் இதே க்வெரி ஒழுங்காக இன்ட்64 தருகிறது. டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் சைகாப்ஜி2. எங்கே பார்ப்பது?

பதில் 1:
டேபிளில் நாட் நல் இருப்பது இங்கே உதவாது நண்பரே. ஜோடி கிடைக்காத வரிசைக்கு வலப்பக்க டேபிளின் எல்லா நெடுவரிசையிலும் நல்தான் வரும். பாண்டாஸின் சாதாரண இன்ட்64-இல் நல்லை வைக்க இடமே கிடையாது, அதனால் மொத்த நெடுவரிசையையும் ஃப்ளோட்டாக்கி அங்கே நேன் (எண் இல்லை என்ற குறி) வைத்துவிடுகிறது. டெஸ்டில் எல்லா ஆர்டருக்கும் கூரியர் இருந்திருக்கும். ரிசல்ட்டில் அந்த நெடுவரிசையில் எத்தனை நல் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அப்புறம் வகையை மாற்றும் ஆஸ்டைப்பில் 'இன்ட்64' கொடுங்கள், ஆங்கிலத்தில் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், அதுதான் நல்லை ஏற்கும் வகை.

பதில் 2:
சின்ன எண்ணுக்கு ஆஸ்டைப் போதும். எண் 9007199254740992-ஐ, அதாவது 2-இன் 53ஆம் அடுக்கைத் தாண்டினால் ஃப்ளோட்டால் எல்லா முழு எண்ணையும் அப்படியே வைக்க முடியாது, 9007199254740993 உள்ளே போனால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், எர்ரரும் வராது. அதற்குப் பிறகு இன்ட்டாக மாற்றி என்ன பயன்? பாண்டாஸ் 2.0 அல்லது அதற்கு மேல் என்றால் ரீட்_எஸ்க்யூஎல்லிலேயே டிடைப்_பேக்கெண்ட்='நம்பை_நல்லபிள்' கொடுங்கள், ஃப்ளோட் பக்கம் போகாமலே வந்துவிடும். தயவுசெய்து கோயலஸ்ஸில் (நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் எஸ்க்யூஎல் ஃபங்ஷன்) 0 போட்டு மறைக்காதீர்கள், இல்லாத கூரியருக்கு ஒரு எண் முளைத்துவிடும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று: தொகையைப் பைசாவில் பிக்இன்டாக வைத்திருக்கிறேன், நல் எதுவும் இல்லை, ஆனாலும் சம் செய்தால் ஃப்ளோட் வருகிறதே?

பதில் 2:
அது வேறு காரணம். போஸ்ட்கிரெஸில் பிக்இன்டின் சம் நியூமெரிக் (துல்லியமான தசம வகை) ஆகத்தான் வரும், சைகாப்ஜி2 அதைப் பைத்தானின் டெசிமலாகத் தரும், ரீட்_எஸ்க்யூஎல்லில் கோயர்ஸ்_ஃப்ளோட் இயல்பாகவே ட்ரூ என்பதால் பாண்டாஸ் அதை ஃப்ளோட்டாக்குகிறது. பைசா என்பதால் க்வெரியிலேயே சம்மை பிக்இன்டாக காஸ்ட் (வகை மாற்றம்) செய்துவிடுங்கள்.