கறுப்புத் துணியில் ப்ளீச் டிசைன்: மலைநாட்டுக் குளிரில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். ப்ளீச் தெளித்துச் சாயம் எடுக்கிற வீடியோக்களில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கணக்குச் சொல்கிறார்கள், அது கொழும்பு வெக்கைக்குச் சரி, 1868 மீற்றர் உயரத்தில் செல்லாது. குளிரில் ப்ளீச் மெதுவாகத்தான் வேலை செய்யும். நிறம் இறங்கவில்லையே என்று இன்னும் ஊற்றாதீர்கள், நூல் நைந்துவிடும். வெயில் ஏறும்வரை பொறுத்து, மணிக்கூட்டை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள். கறுப்புப் பருத்தி பெரும்பாலும் செம்மண் நிறத்துக்கு வரும், அங்கேயே நிறுத்தினால்தான் அழகு, வெள்ளையாக்கப் பார்த்தால் துணி போய்விடும்.

ஸ்டென்சில் வாங்கவே வேண்டாம். தேயிலைக் கொழுந்து, ரோட்டோரத்துப் பன்ன (பெரணி) இலை, இரண்டும் போதும். ஷர்ட்டுக்குள்ளே பொலித்தீன் விரித்து, இலையைத் தட்டையாக அழுத்தி வைத்து, தள்ளி நின்று மெல்லிய தூவலாக அடியுங்கள். இலை இருந்த இடம் கறுப்பாகவே நிற்கும், பன்னத்தின் ஒவ்வொரு பல்லும் தெரியும். பிரஷ்ஷால் வரைவதென்றால் நைலோன் பிரஷ் எடுங்கள், முடி பிரஷ்ஷை ப்ளீச் தின்றுவிடும். பட்டு, கம்பளி பக்கமே போகக்கூடாது, அதே கதிதான்.

அப்புறம் முக்கியமானது. வெறும் தண்ணீரில் அலசினால் ப்ளீச் முழுதாகப் போகாது, உள்ளேயே இருந்து துணியை அரிக்கும். நன்றாக அலசிவிட்டு, பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 1 பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு கலந்து கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். வினாகிரி ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள், ப்ளீச்சோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினாகிரி இல்லாவிட்டாலும் அந்த நெடி நெஞ்சைப் பிடிக்கும், குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு லயக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள்) இதைச் செய்யவே வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

*

பதுளையிலிருந்து நான். அக்கா சொன்னது அப்படியே உண்மை. இங்கே கீழே சூடு என்பதால் நிறம் மளமளவென்று இறங்குகிறது, பக்கத்திலேயே நின்று பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஒன்று சேர்க்கிறேன்: முதலில் உள்தையல் மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொலியெஸ்டர் கலந்த டீ ஷர்ட் என்றால் நிறம் சரியாக இறங்காது, எவ்வளவு நேரம் வைத்தாலும் வீண். சந்தையில் வாங்கும் மலிவு ஷர்ட்களில் பாதி அப்படித்தான். முழுப் பருத்தி ஷர்ட்டிலும் தைத்த நூல் பொலியெஸ்டராக இருந்தால் தையல் கோடு மட்டும் கறுப்பாகவே நிற்கும், அதை மறைக்கப் பார்க்காமல் டிசைனோடு சேர்த்துக்கொள்ளுங்கள், செம்மண் நிறத்தில் அந்தக் கோடு எடுப்பாக இருக்கும்.