எஸ்கேப் அழுத்திய பிறகும் தமிழ் விடவில்லை: விம் எடிட்டரில் பட்டவை

ஹட்டன்:
பாமினி விசைப்பலகை வரிசையில் கை பழகியவர்கள், விசைகளாலேயே கட்டளையிடும் விம் எடிட்டருக்கு வந்தால் முதலில் இடறுவது இங்கேதான். எழுத்துத் தட்டும் இன்சர்ட் முறையில் "கொழுந்து நிறை" என்று தட்டி, எஸ்கேப் அழுத்திக் கட்டளை முறைக்கு வந்து, வரியை அழிக்க டி-யை இரண்டு தரம் தட்டினால் வரி அப்படியே நிற்கும். சிஸ்டத்தில் தமிழ் இன்னும் ஓடுகிறது; விம்முக்குப் போவது "னன". அப்படியொரு கட்டளை அதற்குத் தெரியாது.

லினக்ஸில் பிறமொழி உள்ளீட்டு மென்பொருளான ஃபிசிடிக்ஸ் 5 இருந்தால், இன்சர்ட்டை விட்டு வெளியேறும்போது நடக்கும் இன்சர்ட்லீவ் நிகழ்வில் அதன் ரிமோட் கட்டளையை "சி" விருப்பத்தோடு ஓடவிடுங்கள், தமிழ் அணையும். இன்சர்ட்டுக்குள் நுழையும்போது நடக்கும் இன்சர்ட்என்டரில் "ஓ" விருப்பம், திரும்ப வரும். அணைக்கும் முன் விருப்பம் எதுவும் போடாமல் ஒருமுறை ஓடவிட்டு விடையைச் சேமிக்க வேண்டும்: 2 என்றால் தமிழ் ஓடியது, 1 என்றால் இல்லை. சேமிக்காவிட்டால் ஆங்கிலம் தட்டப் போகும்போதும் தமிழ் வந்து நிற்கும். கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியேறினால் இன்சர்ட்லீவ் நடக்கவே நடக்காது. கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்பு அழுத்துங்கள், அது எஸ்கேப்பேதான்.

பண்டாரவளை:
அண்ணே, அது சரி. ஆனா எழுத்தைத் தேடித் தாவும் எஃப், ஓரெழுத்தை மாற்றும் ஆர் இரண்டுக்கும் தமிழெழுத்துத் தேவை. அந்த நேரம் தமிழ் அணைந்து கிடக்கும். அதனால் விம்முக்குள்ளேயே, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கீமேப் கோப்பு எழுதுவதே மேல். இன்சர்ட்டிலும் தேடலிலும், எஃப், ஆர் கேட்கும் எழுத்திலும் தமிழ் வரும். கட்டளைகள் ஆங்கிலமாகவே இருக்கும். இன்சர்ட்டில் கன்ட்ரோல்-6 அழுத்தினால் மொழி மாறும். விம்மோடு வரும் தமிழ் கீமேப் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைக்கானது, யூனிகோடுக்கு உதவாது.

பாமினியில் கவனம் வேண்டியது கொம்பு. "கொ"வுக்கு என், எஃப், எச் என்று மூன்று விசை, கொம்புதான் முதலில். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேப் செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகி உடையும். என்-எஃப் "கெ", என்-எஃப்-எச் "கொ" என்று கூட்டாகவே எழுத வேண்டும். "கொ"வின் குறியை ஒரே குறியீடாக வையுங்கள். கொம்பும் காலுமாக இரண்டாக வைத்தால் பார்வைக்கு ஒன்றே, ஆனால் "கொழுந்து" என்று தேடினால் பாதி வரிகள் அகப்படாது. "கெ" தட்டியதும் விம் அடுத்த விசைக்காக 1000 மில்லிசெக்கன் காத்திருக்கும். அந்த நேரத்தைக் குறிக்கும் டைம்அவுட்லென் அமைப்பை 400 ஆக்கினால் கைக்கு ஒத்துவரும்.

நுவரெலியா:
கீமேப்போடு, எஸ்கேப்புக்குப் பதில் ஜே-கே என்ற பிரபலமான குறுக்குவழியை வைக்கவே வேண்டாம். பாமினியில் "தமிழ்" என்று தட்டும் விசைகள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. முதல் இரண்டும் எஸ்கேப் ஆகிவிடும். பி கடைசியாக வெட்டியதை ஒட்டும், ஓ புதுவரி திறக்கும், அந்த வரியில் வெறும் புள்ளி மட்டும் வந்து உட்காரும். தமிழ்99 விசைப்பலகை வரிசையில் அதே விசைகள் "பம": லாபமும் கோபமும் போகும். கேப்ஸ்லாக்கை சிஸ்டம் அளவில் எஸ்கேப்பாக மாற்றுவதுதான் எந்தச் சொல்லோடும் மோதாத வழி.

இன்னொன்று: கட்டளை முறையில் ஓரெழுத்தை அழிக்கும் எக்ஸ் அழுத்தினால் "கொ" முழுதாகப் போகும். குறியை மட்டும் அழிக்க டெல்கம்பைன் என்ற அமைப்பை இயக்குங்கள். "ஸ்ரீ"யை விம் இரண்டு எழுத்தாகவே எண்ணும், இரண்டு தரம் அழுத்த வேண்டும்.