மழைக்காலத்தில் கரையேற்றிய படகு: கேபினுக்கு எந்த டீஹியூமிடிஃபையர்?

சுக்கான்30:
வணக்கம். 30 அடி ஃபைபர் பாய்மரப் படகு. மே கடைசியில் மும்பை கேட்வே முன்னால் கடலில் கட்டி வைத்திருந்த இடத்திலிருந்து (மூரிங்) எடுத்து, தாருகானா பக்கம் ஒரு யார்டில் ஸ்டாண்டு மேல் ஏற்றியாயிற்று. செப்டம்பர் கடைசி வரை அங்கேதான் நிற்கும். யார்டில் 230 வோல்ட் லைன் தருகிறார்கள். கரண்ட் அவ்வப்போது போய் வரும். வாரம் ஒருமுறைதான் போய்ப் பார்க்க முடியும். போன மழை முடிந்து திறந்தபோது மெத்தை உறை, உள்கூரைத் துணி, லாக்கர் பிளைவுட் எல்லாம் பூசணம். இணையத்தில் தேடினால் டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த) டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின், வாங்கு, ஹேட்சை (மேல்தளக் கதவை) கொஞ்சம் திறந்து வை என்கிறார்கள். மும்பை மழைக்கு இது சரிப்படுமா? எத்தனை லிட்டர் மெஷின் வேண்டும்? இறங்கும் தண்ணீரை எங்கே விடுவது?

ஈரமானி:
அந்த இரண்டு யோசனையும் ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு உரியவை. அங்கே ஆளில்லாத கேபின் 5, 10 டிகிரியில் கிடக்கும். கம்ப்ரஸர் மெஷின் ஃப்ரிட்ஜ்போலக் குளிர்ந்த காயிலில் ஈரத்தைத் தண்ணீராக்குவது; அந்தக் குளிரில் அதன் காயிலில் பனி கட்டிவிடும், தண்ணீர் இறங்காது. அதனால்தான் டெசிகன்ட் வாங்கச் சொல்கிறார்கள். மும்பை ஜூலையில் கேபின் 28, 30 டிகிரி. கம்ப்ரஸர் நன்றாக வேலை செய்யும் வெப்பநிலை இதுதான். டெசிகன்ட் மெஷின் தன் சக்கரத்தை ஹீட்டர் வைத்துத்தான் காயவைக்கிறது. 600 வாட் வரை இழுக்கும், அந்தச் சூடு முழுவதும் கேபினுக்குள்ளேயே தங்கும். நாளுக்கு 12 லிட்டர் கம்ப்ரஸர் மெஷினுக்கு 200 முதல் 250 வாட் போதும்.

ஹேட்சைத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். வெளிக்காற்றே 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும்போது அதை உள்ளே விட்டு எதைக் காயவைப்பது? 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவி தாங்கும். 85 சதவீதம் என்றால் 26 கிராம்; நமக்கு வேண்டிய 55 சதவீதத்துக்கு 17 கிராம். கேபின் 25 கன மீட்டர் என்று வைத்தால், உள்ளே இருக்கும் காற்றிலிருந்து எடுக்க வேண்டியது கால் லிட்டருக்கும் குறைவு, ஒரு டம்ளர் தண்ணீர். ஆனால் மணிக்கு ஒருமுறை காற்று முழுசாக மாறினால் நாளுக்கு 5.4 லிட்டர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கசிவைப் பாதியாக்கினால் அது 2.7. எனவே பெரிய மெஷினைத் தேடுவதைவிட காற்று நுழையும் வழிகளை அடைப்பதில் நேரம் செலவிடுங்கள். டெக் மேல் உள்ள வென்டிலேட்டர்கள், செயின் லாக்கர் வாய், படிக்கட்டுப் பலகைகளின் இடுக்கு, எல்லாவற்றுக்கும் தடித்த பாலிதீனும் டேப்பும் போதும். அடைக்கக் கூடாதவை இரண்டு: கேஸ் சிலிண்டர் லாக்கரின் அடித்துளை, பேட்டரிப் பெட்டியின் காற்றுக்குழாய். பெட்ரோல் டேங்க் உள்ளே இருந்தால் அதை வெளியேற்றாமல் மெஷினை ஓட்டவே கூடாது. மெஷினுக்குள் இருக்கும் ரிலே என்ற மின் சுவிட்சின் ஒரு பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ளும்.

12 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. காற்று 55-க்கு வந்த பிறகு அதில் பாதி இறங்கினாலே நல்லது. அப்படியும் அடைத்த 30 அடிப் படகுக்குத் தாராளம். முதல் வாரம் மட்டும் விடாமல் ஓடும். மெத்தையும் பிளைவுட்டும் குடித்து வைத்திருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும். ஹியூமிடிஸ்டாட்டை (ஈரப்பத அளவைப் பார்த்து மெஷினை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) 55-ல் வையுங்கள். 40-க்குக் கீழே இறக்கினால் தேக்கு வேலைப்பாட்டின் இணைப்புகள் சுருங்கி விரியும்.

மெஷினைப் போடுவதற்கு முன் உள்ளே எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். உப்பு 75 சதவீதத்துக்கு மேல் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். உப்பு ஏறிய மெத்தை எந்த மெஷினுக்கும் முழுசாகக் காயாது. பாய்மரத் துணிகளை அலசிக் காயவைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.

மின்கம்பி:
மெஷின் வகை பற்றி மேலே சொன்னதுதான் சரி. நான் கரண்ட் பக்கம் மட்டும் சொல்றேன். டிஜிட்டல் பட்டன் வெச்ச மாடல் பலது கரண்ட் போய் வந்தா தானா ஸ்டார்ட் ஆகாது. திங்கட்கிழமை போன கரண்ட் அஞ்சே நிமிஷத்துல வந்தாலும், நீங்க சனிக்கிழமை போற வரைக்கும் மெஷின் சும்மா நிக்கும். திருகுற நாப் வெச்சது வாங்குங்க, இல்லேன்னா ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்கான்னு கடையிலயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்க. கம்ப்ரஸருக்கு மூணு நிமிஷம் டிலே இருக்கும், பொறுமையா நில்லுங்க.

மெஷினோட தண்ணி டேங்கை நம்பாதீங்க. ரெண்டு லிட்டர் டேங்க் ஒரு நாள்ல ரொம்பி, அதுல மிதக்கற ஃப்ளோட் சுவிட்ச் மெஷினை நிறுத்திடும். பின்னால இருக்கற டிரெயின் வாயில ஹோஸ் மாட்டி, கிச்சன் சிங்க்ல விடுங்க, சீகாக் (சிங்க் தண்ணி வெளியே போற வால்வு) திறந்திருக்கணும். மெஷின் சிங்கைவிட உயரத்துல இருக்கணும், ஹோஸ் நடுவுல தொங்கி வளையக் கூடாது. பெரும்பாலான மெஷின்ல பம்ப் கிடையாது. பில்ஜ்ல (தரைப் பலகைக்கு அடியில இருக்கற படகோட அடிப்பள்ளம்) மட்டும் விடாதீங்க, எடுத்த தண்ணி அங்கிருந்தே திரும்ப ஆவியாகும்.

லைனுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் மூணு கோர் கேபிள், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கற சுவிட்ச்) கட்டாயம். எக்ஸ்டென்ஷனைச் சுருட்டி வெச்சபடி ஓட்டாதீங்க, சூடாகும். பிளக் இணைப்பு எதுவும் மழையில படக் கூடாது. இன்னொண்ணு, மெஷின் லேபிள்ல குளிரூட்டற கேஸ் ஆர்290-னு இருந்தா அது புரொப்பேன், தீப்பிடிக்கும். கசிஞ்சா காத்தைவிடக் கனம், பில்ஜ்ல போய்த் தங்கும். வேற கேஸ் போட்ட மாடல் கிடைச்சா அதையே எடுங்க.

சுக்கான்30:
இருவருக்கும் நன்றி. நாப் வைத்த 12 லிட்டர் கம்ப்ரஸர் மெஷின் போட்டு எட்டு நாள் ஆகிறது. ஹோஸில் தண்ணீர் நிற்காமல் சொட்டுகிறது. ஆனால் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டும் மீட்டர்) 68-க்குக் கீழே இறங்கவில்லை. மெஷின் போதவில்லையா? ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளையும் சேர்த்து வைக்கலாமா?

ஈரமானி:
தண்ணீர் சொட்டுகிறது என்றால் மெஷின் நன்றாக இருக்கிறது. முதலில் மீட்டரைச் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போல ஆக்கி, மீட்டரோடு ஜிப் பையில் போட்டு மூடி 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 82 காட்டினால் உங்கள் 68 உண்மையில் 61-தான்.

மீட்டர் சரியாக இருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. ஸ்டாண்டில் மாஸ்ட்டை (பாய்மரக் கம்பத்தை) எடுக்காமல் விட்டிருக்கிறீர்களா? டெக்கைத் துளைத்து கீல் (படகின் அடிமுதுகு) வரை இறங்கும் மாஸ்ட் என்றால், கயிறு நுழையும் துளைகள் வழியாக மழை உள்ளுக்குள்ளேயே வழிந்து நேரே பில்ஜுக்கு வரும். ஜூலையில் 700 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர் இது. பில்ஜை ஸ்பாஞ்சால் ஒற்றிக் காயவைத்து, காய்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்று தெரியும். சிங்க் குழாயும் சந்தேகத்துக்குரியது. கரையில் நிற்கும் படகில் அதன் வாய் வெளிக்காற்றுக்கு நேரே திறந்திருக்கிறது. சிங்குக்கு அடியில் குழாயை யூ வடிவில் வளைத்துக் கட்டினால் தேங்கும் தண்ணீரே காற்றை அடைத்துக்கொள்ளும்.

கால்சியம் குளோரைடு வேண்டாம். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் வரும் இடத்தில் ஒரு கிலோ பை ஒரு நாளுக்குக்கூடத் தாங்காது. அது உருகி வரும் உப்புநீர் கவிழ்ந்தால் அலுமினியத்தையும் ஸ்டீலையும் அரிக்கும்.

மின்கம்பி:
ஃபில்டரையும் கழுவிடுங்க, பூசணத் தூள்ல முதல் வாரமே அடைச்சிருக்கும். லாக்கர் கதவு, தரைப் பலகை ரெண்டு மூணு திறந்து வெச்சு, மெத்தையைச் செங்குத்தா நிறுத்தி, குவார்ட்டர் பெர்த் (பின்பக்க ஓரத்துல இருக்கற படுக்கை) பக்கம் ஒரு சின்ன ஃபேன் ஓட விடுங்க. மெஷின் பக்கத்துல 55 காட்டினாலும் அந்த மூலையில 75 இருக்கலாம். மீட்டரை அங்கேயே வெச்சுப் பாருங்க.